‘நெட் வரலை’ என்று போன் வந்தால்: மலைக்கு மேலும் கீழும் பார்த்த பழுதுகள்

கம்பத்தில் இருந்து போன் வந்தால் “நெட்டு வரலண்ணே” என்பார்கள். மலைக்கு மேலே கேரள எல்லையில் உள்ள குமுளியில் இருந்து வந்தால் “நெட் கிட்டுனில்ல தம்பி” என்பார்கள். நெட்வொர்க் ஸ்விட்சில் (பல ஒயர்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) தப்பாகச் செருகிய ஒயரும் நெட் வரலைதான், மலைப்பாதையில் ஜேசிபி கொத்திப்போட்ட ஃபைபரும் நெட் வரலைதான். முதலாவது ஒரு நிமிட வேலை, இரண்டாவது ஒரு நாள் வேலை. எது என்று போனிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் லோயர் கேம்ப் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கை ஏற்றி நான் எரித்த பெட்ரோல் கொஞ்சமில்லை.

லாட்ஜ், ஏலக்காய்க் கடை, எஸ்டேட் ஆபீஸ், டியூஷன் சென்டர் என்று பழுது பார்க்கப் போன இடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தவற்றை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். செலவில்லாத காரணம் முதலில், செலவு வைப்பது கடைசியில். பாடம் நடத்தப் போவதில்லை. பாக்கெட், அதாவது ஒயரில் துண்டு துண்டாகப் போகும் தகவல், எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் கண்டுபிடிப்போம், யார் மேல் தப்பு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எதையும் தொடுமுன்: மூன்று கேள்வி, மூன்று பிங்

ஒரு ஆளுக்கு மட்டுமா, எல்லோருக்குமா? வைஃபையில் மட்டுமா, ஒயரிலுமா? நேற்று இன்று யாராவது எதையாவது கழற்றி மாட்டினார்களா? மூன்றாவது கேள்விக்கு முதலில் வரும் பதில் எப்போதும் “இல்லையே” தான். ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி கேளுங்கள். “பெயிண்ட் அடிக்க வந்தவர் மேசையைக் கொஞ்சம் நகர்த்தினார்” என்று மெதுவாக வரும்.

பிறகு ஒயரில் இணைந்த ஒரு கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடியுங்கள். அதில் இரண்டு எண் வேண்டும்: அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி, அதன் கேட்வே. கேட்வே என்பது பெரும்பாலும் உங்கள் ரவுட்டர்தான், 192.168.1.1 மாதிரி இருக்கும். இப்போது கேட்வேக்கு ஒரு பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பதில் வரும் நேரத்தைப் பார்க்கும் கட்டளை), வெளியே 8.8.8.8-க்கு ஒரு பிங், ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு ஒரு பிங்.

கம்ப்யூட்டரின் முகவரியே 169.254 என்று தொடங்கினால் அறிகுறி 1. கேட்வே பதில் தராவிட்டால் அறிகுறி 2. கேட்வே வரை சரி, வெளியே இல்லை என்றால் 3. எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் 4. எல்லாமே போகிறது, ஆனாலும் தொல்லை என்றால் 5-இல் இருந்து படியுங்கள்.

அறிகுறி 1: வைஃபை சேர்ந்திருக்கிறது, ஆனால் முகவரி 169.254 என்று வருகிறது

முகவரி கொடுக்க வேண்டிய டிஹெச்சிபி பதில் சொல்லவில்லை, அதனால் கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

ஒரே ஒரு கருவிக்கு மட்டும் இப்படி என்றால்

அதன் ஒயரைக் கழற்றி வேறு போர்ட்டில் மாட்டுங்கள். வைஃபை என்றால் நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி, மறுபடி பாஸ்வேர்டு கொடுத்துச் சேருங்கள். பத்தில் எட்டு இதோடு முடிந்துவிடும்.

புதிதாக வருபவர்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால்

இது லாட்ஜ் பழுது. ரவுட்டரில் 100 முதல் 149 வரை, அதாவது ஐம்பது முகவரிகள்தான் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். ஒரு முகவரியை ஒருவர் 24 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கும். பதினாறு அறை, அறைக்கு மூன்று போன், ஆக நாற்பத்தெட்டு. காலையில் அவர்கள் காலி செய்து தேக்கடி படகுக்குப் போய்விட்டார்கள், முகவரிகள் மட்டும் காலி செய்யவில்லை. மதியம் வரும் ஐயப்ப சாமிகள் குழுவுக்கு மிச்சம் இருப்பது இரண்டு. கார்த்திகை, மார்கழியில் குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் கூட்டம் தொடங்கியதும் எனக்கு இந்தப் போன் வந்துவிடும். முகவரி எல்லையை 20 முதல் 250 வரை விரித்து, லீஸ் நேரத்தை இரண்டு மணி நேரமாகக் குறையுங்கள். காசு செலவில்லை.

முகவரி கிடைக்கிறது, ஆனால் வேறு வரிசையில் கிடைக்கிறது என்றால்

உங்கள் ரவுட்டர் 192.168.1 வரிசை, ஆனால் சிலருக்கு 192.168.0 என்று வருகிறது. கட்டடத்துக்குள் இரண்டாவது டிஹெச்சிபி ஒன்று பேசிக்கொண்டிருக்கிறது. மாடியில் சிக்னல் போதவில்லை என்று வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரை யாரோ கொண்டுவந்து, அதன் லேன் போர்ட்டில் ஒயரைச் செருகியிருப்பார்கள். எந்த ரவுட்டர் முந்திக்கொள்கிறதோ அது முகவரி கொடுக்கும். அதனால்தான் பாதிப் பேருக்கு வேலை செய்கிறது, மீதிப் பேருக்கு இல்லை. பழைய ரவுட்டருக்குள் போய் டிஹெச்சிபியை அணையுங்கள். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். பிறகு அதே லேன் போர்ட்டில் இருக்கலாம், வைஃபை மட்டும் கொடுக்கும். பெரிய கட்டடம், ஆள் யார் என்று பிடிபடவில்லை என்றால் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் (தெரியாத பெட்டி முகவரி கொடுப்பதைத் தடுக்கும் வசதி) உள்ள மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்க வேண்டும். அங்கே ஒரு நெட்வொர்க் ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள்.

அறிகுறி 2: கேட்வேயே பதில் சொல்லவில்லை, எல்லோருக்கும் நின்றுவிட்டது

ரவுட்டருக்குக் கரண்ட் இருக்கிறதா, அடாப்டர் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், அடாப்டர் போன ரவுட்டர் லைட் எரிந்தபடியே செத்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். பின்னின் பாசிட்டிவ், நெகட்டிவ் குறியும் ஒத்துப்போக வேண்டும்.

ஸ்விட்சில் எல்லா லைட்டும் ஒரே நேரத்தில் வெறி பிடித்ததுபோல் மின்னுகிறதா?

அப்படியென்றால் லூப். ஒரே ஒயரின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சிலோ, ஒன்றோடொன்று இணைந்த இரண்டு ஸ்விட்சிலோ செருகப்பட்டிருக்கும். ஒரு பாக்கெட் உள்ளே போய்ச் சுற்றிச் சுற்றி வந்து பெருகி, மற்ற எதற்கும் இடம் இல்லாமல் செய்துவிடும்.

குமுளியில் ஒரு லாட்ஜில் இதைத் தேடி மூன்று மணி நேரம் போனது. ரவுட்டரை மாற்றினேன், பலனில்லை. லைன் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன், அவர்கள் பக்கம் எல்லாம் சரி. கடைசியில் ரிசப்ஷன் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால், தொங்கிக்கொண்டிருந்த ஒயர் நுனியைப் பெருக்க வந்த அக்கா காலியாக இருந்த ஓட்டையில் பாந்தமாகச் செருகி வைத்திருக்கிறார். “தொங்கிட்டு இருந்துச்சு தம்பி, யாராச்சும் தடுக்கி விழுவாங்கன்னு செருகுனேன்” என்றார். அவர் மேல் என்ன தப்பு? இரண்டு முனையையும் லேபிள் ஒட்டாமல் விட்டது நான்தான்.

கண்டுபிடிக்கும் முறை இது. ஒரு கம்ப்யூட்டரில் கேட்வேக்கு விடாமல் பிங் ஓட விடுங்கள். ஸ்விட்சில் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கி, பத்து நொடி பாருங்கள். எந்த ஒயரைப் பிடுங்கியதும் பிங் ஓடத் தொடங்குகிறதோ அதன் மறு முனையைத் தேடிப் போங்கள். விலை குறைந்த ஸ்விட்சுகளில் லூப்பைத் தானாகப் பிடிக்கும் வசதி பெரும்பாலும் இருக்காது. அது இருக்கிற ஸ்விட்சில் எஸ்டிபி அல்லது லூப் பாதுகாப்பு என்ற பெயரில் இருக்கும், அதை ஆன் செய்து விடுங்கள்.

லைட் அமைதி, ஆனால் இடி இடித்த மறுநாள் என்றால்

சித்திரை மாத மாலை இடியும், ஐப்பசித் துலாவர்ஷ இடியும் இந்த மலைச்சரிவில் ரவுட்டர்களுக்கு எமன். போர்ட் தனித்தனியாகச் சாகும். மூன்றாவது போர்ட் செத்திருக்கும், நாலாவது நன்றாக இருக்கும். மாற்றிச் செருகிப் பாருங்கள். ஃபைபர் கண்ணாடி, அதில் மின்சாரம் வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மைதான், ஆனால் அதைத் தாங்கிக்கொண்டு வரும் ஸ்டீல் கம்பியில் வரும். போதாததற்குக் கரண்ட் வழியாகவும் வரும், மாடியில் இருந்து இறங்கும் கேமரா ஒயர் வழியாகவும் வரும். மேகம் கறுத்தால் பவர் பிளக்கோடு லேன் ஒயரையும் பிடுங்குங்கள்.

அறிகுறி 3: கேட்வே பதில் சொல்கிறது, வெளியே எதுவும் இல்லை

ஃபைபர் பெட்டியின் லைட்டைப் பாருங்கள். எங்கள் பக்கம் எல்லோரும் அதை மோடம் என்பார்கள், கம்பெனிக்காரர் ஓஎன்டி என்பார்.

எல்ஓஎஸ் லைட் சிவப்பாக இருந்தால்

வெளிச்சம் வரவில்லை. உங்கள் பக்கம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பெட்டிக்குள் போகும் மஞ்சள் ஃபைபர் ஒயர் எங்காவது மடிந்து நசுங்கியிருக்கிறதா, பின்னால் உள்ள பச்சை அல்லது நீல முனை முழுதாகச் செருகியிருக்கிறதா. ஃபைபர் நுனியைக் கழற்றிக் கண்ணுக்கு நேரே பிடித்து ‘லைட் வருதா’ என்று பார்க்காதீர்கள். வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். அதற்கு மேல் லைன்மேன் வேலை. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் மொத்த ஊருக்கும் போயிருக்கும். பக்கத்துக் கடையில் கேட்டுவிட்டுப் புகார் போடுங்கள்.

சிவப்பு இல்லை, ஆனால் நெட் இல்லை என்றால்

ரவுட்டரின் செட்டிங் பக்கத்துக்குள் (பிரவுசரில் கேட்வே எண்ணை அடித்தால் வரும்) போய் வேன் முகவரி, அதாவது வெளிப் பக்க முகவரி, என்ன என்று பாருங்கள். 0.0.0.0 என்று இருந்தால் கம்பெனியோடு லாகின் ஆகவில்லை. யூசர்நேம், பாஸ்வேர்டு அழிந்திருக்கலாம், பில் கட்டாமல் விட்டிருக்கலாம். பில் பாக்கி என்று சொன்னதும் கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். முகவரி இருக்கிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் மோடத்தை ஐந்து நிமிடம் அணைத்துப் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் அறிகுறி 9-க்குப் போங்கள்.

வெயில் நேரத்தில் விட்டு விட்டுப் போகிறது என்றால்

மோடத்தின் செட்டிங் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஒரு எண் இருக்கும், வரும் வெளிச்சத்தின் பலம் அது, மைனஸ் டிபிஎம்மில். மைனஸ் 15-இல் இருந்து மைனஸ் 25-க்குள் என்றால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் எங்கோ ஜாயின்ட் மோசம், குரங்கு தொங்கிய ஒயரும் இதில் அடக்கம். நீங்கள் எதுவும் செய்ய முடியாது, ஆனால் அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் லைன்மேன் ஸ்பிளைசிங் மெஷினோடு வருவார். சொல்லாவிட்டால் வெறுங்கையோடு வந்து ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போவார்.

அறிகுறி 4: எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை

டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிச் சொல்லும் வேலை. ரவுட்டரில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8-ம் 1.1.1.1-ம் போடுங்கள், முடிந்தது. ஒரே ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ‘பாதுகாப்பு இல்லை’ என்று எல்லாத் தளமும் பயமுறுத்தினால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து எப்போதோ போன வருடத்தில் நின்றுகொண்டிருக்கும்.

அறிகுறி 5: சில தளம் திறக்கிறது, சில தளம் பாதியில் நிற்கிறது

தேடல் பக்கம் வருகிறது, வாட்ஸ்அப் எழுத்து போகிறது. ஆனால் ஏதோ ஒரு அரசுத் தளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, மெயிலில் சின்னது போகிறது, பெரிய இணைப்பு போகவில்லை. இப்படி அளவு பார்த்து அடி விழுந்தால் சந்தேகம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, மேல் போக வேண்டும். பெரிய பாக்கெட் வழியில் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது.

சோதனை எளிது. விண்டோஸில் பிங் கட்டளையோடு ஹைஃபன் எஃப், ஹைஃபன் எல் 1472 சேர்த்து 1.1.1.1-க்கு அனுப்புங்கள். பதில் வந்தால் 1500 முழுதாகப் போகிறது, எம்டியூ பிரச்சினை இல்லை. துண்டாக்க வேண்டும் என்ற செய்தியோ, பதிலே இல்லாமலோ போனால் 1464 என்று போடுங்கள். இப்போது பதில் வந்தால் உங்கள் லைன் பெரும்பாலும் யூசர்நேம் போட்டு ஏறும் பிபிபிஓஇ வகை, அதற்கு 1492 தான் சரி. ரவுட்டரில் வேன் எம்டியூவை 1492 ஆக்குங்கள், எம்எஸ்எஸ் கிளாம்ப் இருந்தால் ஆன் செய்யுங்கள். 1464-ம் போகவில்லை, இடையில் விபிஎன் (வேறொரு நெட்வொர்க்குக்குப் போகும் தனிப் பாதை) இருக்கிறது என்றால் பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டே வந்து, பதில் வரும் எண்ணோடு 28 கூட்டிப் போடுங்கள்.

அறிகுறி 6: இரண்டு லைன் இருக்கிறது, பேங்க் தளம் வெளியே தள்ளுகிறது

எல்லைப் பக்கத்துக்கே உரிய வியாதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குமுளியில் தமிழ்நாட்டுப் பக்கத்து லைன் ஒன்று, கேரளப் பக்கத்துக் கேபிள்காரர் லைன் ஒன்று என்று இரண்டும் வாங்கி வைத்திருப்பார்கள். ஒன்று போனால் ஒன்று இருக்கட்டுமே என்பது நல்ல யோசனைதான். பிறகு யாரோ ஒருவர் வந்து “ரெண்டையும் சேத்துப் போட்டா டபுள் ஸ்பீடு” என்று சொல்லி லோட் பேலன்சிங் போட்டுவிட்டுப் போவார். அன்றிலிருந்து பணம் அனுப்பும்போது ஓடிபி வரை வந்து ‘செஷன் முடிந்தது’ என்று வெளியே தள்ளும். ஒரு ஏலக்காய்க் கடைச் சேட்டன் பிரவுசரை மாற்றினார், லேப்டாப்பையே மாற்றினார், கடைசியில் பேங்கை மாற்றலாமா என்று என்னைக் கேட்டார்.

நடப்பது இதுதான்: லாகின் ஒரு லைன் வழியாகப் போகிறது, அடுத்த கிளிக் இன்னொரு லைன் வழியாகப் போகிறது. கிழக்கு வாசலில் சீட்டு வாங்கியவர் மேற்கு வாசலில் வந்து நின்றால் காவல்காரர் விடுவாரா? இதற்கு வேகச் சோதனை எடுத்துப் பயனில்லை, அது நன்றாகவே காட்டும். இரண்டாவது லைனைப் பிடுங்கிவிட்டுப் பணம் அனுப்பிப் பாருங்கள். போனால் நோய் உறுதி.

செலவில்லாத மருந்து

லோட் பேலன்சிங்கை அணைத்து ஃபெயில்ஓவர் மட்டும் வையுங்கள். முதல் லைன் எப்போதும், இரண்டாவது அது செத்தால் மட்டும். சின்னக் கடைக்கு இதுவே போதும் என்பது என் கட்சி. இருபது பேருக்குக் கீழே உள்ள இடத்தில் லோட் பேலன்சிங்கால் லாபம் அடைந்தவரை நான் பார்த்ததில்லை.

இரண்டும் ஓடியே ஆக வேண்டும் என்றால்

ஆள் வாரியாகப் பிரியுங்கள். கணக்குப் பிள்ளையின் கம்ப்யூட்டர் எப்போதும் முதல் லைனில், லாட்ஜ் விருந்தினர் வைஃபை எப்போதும் இரண்டாவதில். ரவுட்டரில் இதற்குப் பாலிசி ரூட்டிங் என்று பேர். மைக்ரோடிக் மாதிரிப் பெட்டியில் முகவரி பார்த்துப் பிரிக்கும் முறை உண்டு. ஒரே முகவரியில் இருந்து போவது ஒரே லைனில்தான் போகும்.

முதல் லைன் செத்தும் இரண்டாவதுக்கு மாறவில்லை என்றால்

ரவுட்டர் மோடத்தை மட்டும் பிங் செய்து உயிர் பார்க்கிறது. மலையில் ஃபைபர் அறுந்தாலும் மேசை மேல் உள்ள மோடம் உயிரோடுதான் இருக்கும், கேட்டால் ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்றுதான் சொல்லும். உயிர் பார்க்கும் முகவரியாக வெளியே உள்ள ஒன்றை, 8.8.8.8 மாதிரி, முதல் லைன் வழியாக மட்டும் போகும்படி வையுங்கள். இதில் நானே விழுந்த ஒரு குழி உண்டு. அதே 8.8.8.8-ஐ டிஎன்எஸ் ஆகவும் போட்டிருந்தேன். முதல் லைன் செத்ததும் ரவுட்டர் ஒழுங்காக மாறியது, ஆனால் 8.8.8.8-க்கு வழி முதல் லைனில்தானே? எண்ணுக்கெல்லாம் போனது, ஒரு பெயரும் திறக்கவில்லை. உயிர் பார்க்க ஒன்று, டிஎன்எஸ்ஸுக்கு வேறொன்று என்று பிரித்து வையுங்கள்.

மாறுகிறது, ஆனால் குழம்புகிறது என்றால்

இரண்டு மோடமும் 192.168.1.1 என்றே வந்திருக்கும். ஒரே பேரில் இரண்டு ஊர் இருந்தால் பஸ் எங்கே போகும்? ஒன்றை 192.168.2.1 என்று மாற்றுங்கள். ரவுட்டரின் உள்பக்க வரிசை மூன்றாவதாக வேறொன்றாக இருக்கட்டும்.

மாற்று லைன் சிம் போட்ட ரவுட்டர் என்றால்

எல்லையில் இதற்குத் தனிக் குணம். காலையில் தமிழ்நாட்டு டவர், சாயங்காலம் கேரள டவர் என்று தாவும். போனில் அறிவிப்பு மலையாளத்தில் வரத் தொடங்கியதும் உங்களுக்கே தெரியும். தாவும்போது இணைப்பு அறுந்து வெளி முகவரியும் மாறினால் விபிஎன் விழும், பேங்க் தள்ளும். ரவுட்டரை ஜன்னல் மாற்றி வைத்து ஒரு நாள் பாருங்கள். பேண்ட் பூட்டும் வசதி இருந்தால் பூட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரே திசை பார்க்கும் வெளி ஆண்டெனா. அது செலவு, ஏணி வைத்து ஏறும் ஆளும் வேண்டும்.

அறிகுறி 7: வேகச் சோதனையில் வேகம் இருக்கிறது, ஆனால் பேச்சு வெட்டுகிறது

புத்தடி ஏலக்காய் ஏல மையத்தில் உட்கார்ந்திருக்கும் தன் ஆளோடு கடைக்காரர் வாட்ஸ்அப்பில் விலை பேசிக்கொண்டிருக்கிறார். சரியாக அந்த நேரத்தில் பேச்சு கிணற்றுக்குள் இருந்து வருகிறது. லைன் நூறு எம்பி. கம்பெனியைத் திட்டுகிறார்.

8.8.8.8-க்கு விடாமல் பிங் ஓட விட்டு, ஒரு பெரிய வீடியோவை மேலே ஏற்றுங்கள். முன்னால் 30 மில்லி செகண்ட் இருந்தது ஏற்றும்போது 500, 600 என்று எகிறினால் பழுது உங்கள் வாசலில்தான், வரிசை அங்கே தேங்குகிறது. இறக்கும் வேகத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், தேங்குவது பெரும்பாலும் ஏற்றும் பக்கம். யார் ஏற்றுகிறார்கள் என்று பாருங்கள். முதல் குற்றவாளி கிளவுடுக்கு அனுப்பும் கேமரா. இரண்டாவது, வைஃபை கிடைத்ததும் தேக்கடியில் எடுத்த நானூறு போட்டோவையும் தானாகப் பேக்கப் ஏற்றும் விருந்தினர் போன்.

கேமராவின் தரத்தைக் குறையுங்கள், அல்லது ரெக்கார்டிங்கை உள்ளேயே வையுங்கள். அது போதாதென்றால் ரவுட்டரில் க்யூஓஎஸ் அல்லது பேண்ட்வித் கண்ட்ரோல், அதாவது எது முன்னால், எதற்கு எவ்வளவு என்று பிரிக்கும் வசதி. மூன்று தடவை அளந்து, அதில் குறைந்த அளவின் 85 முதல் 90 சதவீதத்தை உச்ச வரம்பாக வையுங்கள். ஏற்றும் வேகம் 20 என்றால் 17 அல்லது 18. ‘வாங்கினதையே குறைக்கச் சொல்றியே தம்பி’ என்பார்கள். வரிசை கம்பெனிப் பெட்டியில் தேங்காமல் உங்கள் ரவுட்டரில் நின்றால்தான் பேச்சை முன்னால் விட முடியும். எஃப்க்யூ கோடல் அல்லது கேக் என்ற பெயரில் ஒரு தேர்வு இருந்தால் யோசிக்காமல் அதைப் போடுங்கள், வேறு எந்த முன்னுரிமைப் பட்டியலும் எழுத வேண்டாம். உங்கள் ரவுட்டரில் இது எதுவுமே இல்லை என்றால் ரவுட்டரை மாற்றுவதுதான் வழி, பெரிய பிளான் வாங்குவது அல்ல.

ஒயரிலேயே நூறுக்கு மேல் ஏறவில்லை என்பது வேறு கதை. பெரும்பாலும் எட்டுக் கம்பியில் நாலுதான் தொடுகிறது. நுனியை வெட்டிப் புது கனெக்டர் கிரிம்ப் செய்யுங்கள்.

அறிகுறி 8: கம்பத்தில் இருந்து எஸ்டேட் கேமரா தெரியவில்லை

உள்ளே இருந்தால் தெரிகிறது, வெளியே இருந்து இல்லை. வண்டன்மேட்டுத் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் இது உண்டு. ரவுட்டரின் வேன் முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் மோடம் ஒரு முறை, ரவுட்டர் ஒரு முறை என்று நேட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது) இரண்டு தடவை நடக்கிறது. மோடம் வெறுமனே கடத்த மட்டும் செய்யும் பிரிட்ஜ் மோடில் அதைப் போடச் சொல்லுங்கள். 100.64-இல் இருந்து 100.127-க்குள் இருந்தால் கம்பெனி ஒரு வெளி முகவரியைப் பல வீட்டுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதே கதைதான். அங்கே போர்ட் ஃபார்வர்டிங் (வெளியே இருந்து வருவதை உள்ளே உள்ள கருவிக்குத் திருப்பி விடுவது) எழுதி எழுதிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், கதவு உங்கள் கையில் இல்லை. கேமரா கம்பெனியின் ஆப் வழியாகப் பார்ப்பது செலவில்லாதது. ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத வெளி முகவரி, கேட்டு வாங்குவது மாதச் செலவு.

அறிகுறி 9: எல்லாம் சரி, ஆனால் ராத்திரியில் அல்லது ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் மெதுவு

இப்போதுதான் டிரேஸ்ரூட், அதாவது பாக்கெட் தாண்டிப் போகும் ரவுட்டர்களை வரி வரியாகக் காட்டும் கட்டளை. விண்டோஸில் டிரேசர்ட் என்று சுருக்கி அடிப்பார்கள். முதல் வரி உங்கள் ரவுட்டர், மோடம் தனியாக வழி காட்டினால் அடுத்து அது, பிறகு கம்பெனியும் அதைத் தாண்டியவையும்.

இதைப் படிப்பதில்தான் பாதிச் சண்டை வருகிறது. நடுவில் ஒரு வரியில் நட்சத்திரம் வந்தால் அங்கே உடைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்ல மறுக்கிறது, அவ்வளவுதான், கடத்தும் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். ஒரு வரியில் தொடங்கிய இழப்பு, அதாவது பதில் வராமல் போகும் பாக்கெட், அதற்குக் கீழே கடைசி வரை தொடர்ந்தால்தான் பழுது. நேரமும் அப்படித்தான். ஐந்தாவது வரியில் 200, ஆறாவதில் 35 என்றால் ஐந்தாவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐந்தில் 200, கடைசி வரை 200 என்றால் புகார் போடலாம்.

இரண்டு முகவரி மாறி மாறி வந்துகொண்டே இருந்தால்

ரூட்டிங் லூப். அவர் இவரிடம் தள்ளுகிறார், இவர் அவரிடம் திருப்பித் தள்ளுகிறார். பிங்கில் டிடிஎல் (பாக்கெட் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற கணக்கு) தீர்ந்தது என்று செய்தி வரும். உங்கள் ரவுட்டரும் மோடமும்தான் அந்த இரண்டு என்றால் ஸ்டாட்டிக் ரூட்டை, அதாவது கையால் எழுதும் வழியை, தப்பாக எழுதியிருக்கிறீர்கள், அழியுங்கள். வெளியே என்றால் கம்பெனிக்கு அனுப்புங்கள், உங்களால் ஆகாது.

பக்கத்து ஊருக்கே நேரம் எடுத்தால்

கம்பத்துக் கடைக்கும் குமுளிக் கடைக்கும் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு கம்பெனி என்றால் பாக்கெட் மலை ஏறாது. அந்த இரண்டு கம்பெனியும் கைகுலுக்கும் ஊர் சென்னை என்றால் சென்னைக்குப் போய்த் திரும்பும், மும்பை என்றால் மும்பைக்கு. ஃபைபரில் வெளிச்சம் 1000 கிலோமீட்டர் போய் வர ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் ஆகும், இடையில் உள்ள ரவுட்டர்கள் தம் பங்குக்குக் கூட்டும். 40 வந்தால் பழுது இல்லை. இரண்டு கடையும் ஒரே ஆளுடையது, பில்லிங் மெதுவாக இருக்கிறது என்றால் இரண்டிலும் ஒரே கம்பெனி லைன் வாங்குங்கள்.

ஒரே ஒரு செயலி மட்டும் எல்லோருக்கும் இல்லை என்றால்

2021 அக்டோபர் 4 ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் போன் ஓயவில்லை. வாட்ஸ்அப் இல்லை, ஃபேஸ்புக் இல்லை, இன்ஸ்டாகிராம் இல்லை. நாலு கடைக்கு ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன், ஒருவரிடம் ரீசெட்டே செய்யச் சொல்லிவிட்டேன். பார்த்தால் ஃபேஸ்புக் கம்பெனி தன் பக்கம் செய்த ஒரு தவறில், அதன் டிஎன்எஸ் பெட்டிகளுக்கான பிஜிபி வழிகளே (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கம்பெனிகள் ஒன்றுக்கொன்று சொல்லும் அறிவிப்பு) திரும்பப் பெறப்பட்டுவிட்டன. உலகத்தில் எந்த ரவுட்டருக்கும் அங்கே போக வழி தெரியவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரம். ரீசெட் செய்தவருக்கு மறுநாள் மலை ஏறிப் போய் யூசர்நேம் போட்டுக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அன்றிலிருந்து வாட்ஸ்அப் இல்லை என்று யார் சொன்னாலும் “யூடியூப் ஓடுதா?” என்பதுதான் என் முதல் கேள்வி.

கம்பெனிக்குப் போன் போடும்போது

‘நெட் ஸ்லோ’ என்றால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். ஒயரில் சோதித்தேன், கேட்வேக்கு இழப்பு இல்லை, இந்த முகவரியில் இருந்து கடைசி வரை இத்தனை சதவீதம் இழப்பு, இன்ன மணி முதல் இன்ன மணி வரை, ஆப்டிகல் பவர் மைனஸ் இவ்வளவு என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும். டிரேஸ்ரூட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். நன்றாக ஓடிய நாளில் எடுத்தது ஒன்றும், கெட்ட நாளில் எடுத்தது ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் லைன் போட்டுக் கொடுக்கும் இடங்களில் மோடத்தின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வைப்பேன். நல்ல நாளின் டிபிஎம் அளவு, வேன் முகவரியின் முதல் இரண்டு எண், லாகின் யூசர்நேம், போட்ட தேதி. மேலே ஒட்டினால் துடைக்கிறவர் கிழித்துவிடுகிறார், அதனால் அடியில்.